விசிறி நிற்கவில்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொல்லாமல் ஏன் கூரியரில் கடுதாசி என்று நினைப்பாய். படித்து முடித்தால் தெரியும். படித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டுவிடாதே, அது முக்கியம்.

மூன்றாம் வருஷம் படிக்கும்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பார்ட் பார்ட்டாக வாங்கிவந்து, கூடத்தில் பேப்பர் விரித்து நீயே கோத்தாயே, அந்தக் கம்ப்யூட்டர் புரட்டாசி கடைசியிலிருந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. வயரிங் எஸ்டிமேட் பாதி அடித்திருப்பேன், திரை கறுத்துவிடும். மறுபடி முதலிலிருந்து. உன்னிடம் சொன்னால் "ஃபார்மேட் பண்ணுங்கப்பா, சரியாயிடும்" என்று வைத்துவிட்டாய். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைப் பையன் மூடியைக்கூடத் திறக்காமல் "மதர்போர்டு போச்சு சார், ஒன்பதாயிரம் ஆகும்" என்றான். இரண்டு பேர் சொன்னதையும் நான் செய்யவில்லை. ஒரு நோட்டு போட்டேன்.

எப்போது ரீஸ்டார்ட் ஆனது, அப்போது வீட்டில் என்னென்ன ஓடியது, அவ்வளவுதான் எழுதினேன். 19 நாளில் 14 தடவை. பெரும்பாலும் சாயங்காலம். சாயங்காலம் என்றதும் எனக்கு லோ வோல்டேஜ் என்றுதான் தோன்றியது. மீட்டர் வைத்துப் பார்த்தால் 198. பிடித்துவிட்டேன் என்று பிளக் பாயின்ட்டைக் கழற்றி, எர்த் ஒயரை முடுக்கி, வேறு லைனில் மாற்றிக் கொடுத்தேன். ஒரு வாரம் போனது. பிறகுதான் கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மேல் ஒட்டியிருப்பதைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்: 100 முதல் 240 வோல்ட் வரை. 198 எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. முப்பது வருஷம் ஒயரிங் செய்தவனுக்கு எது கெட்டாலும் கரண்டுதான் கண்ணில் படுகிறது.

விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்குமே, நீ காட்டிக்கொடுத்த அந்த ஈவென்ட் வியூவரிலும் பார்த்தேன். ஒவ்வொரு தடவைக்கும் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பாக ஒரு வரி. பவர் என்று போட்டிருக்கிறதே என்று மறுபடி துள்ளினேன். விசாரித்தால், 'முறையாக மூடாமலே போய்விட்டு வந்திருக்கிறேன்' என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் இல்லை. உள்ளே பக்செக் கோடு, அதாவது கவிழ்ந்த காரணத்துக்கான நம்பர், 0 என்று இருந்தது. விண்டோஸ் தானாகக் கவிழ்ந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஏதாவது ஒரு நம்பர் உட்கார்ந்திருக்குமாம். சந்தேகம் தீர, ஒரு மத்தியானம் விண்டோஸுக்குள்ளேயே போகாமல், அதற்கு முன்னால் வரும் பயாஸ் செட்டிங் திரையில் அப்படியே விட்டுவைத்தேன். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனது. ஆக உன் ஃபார்மேட் வைத்தியம் வேலைக்கு ஆகாது என்று அன்றைக்கே முடிவு.

ரேமையும் விடவில்லை. மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். நாலு சுற்று, ஒரு தப்பு இல்லை. ஆனால் அந்த ராத்திரி ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லை என்பதை நான் உடனே கவனித்திருக்க வேண்டும். ராத்திரியில் இந்த வீட்டில் எது ஓடாது? நோட்டைப் புரட்டினால் 14-ல் 11 தடவை 'தையல் மெஷின்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. தீபாவளி பிளவுஸ் ஆர்டர், அம்மா சாயங்காலமெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் பொறி விடுகிறது, அதுதான் கெடுக்கிறது என்று நினைத்தேன். பார், மறுபடி கரண்டு! மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, காலால் மிதித்துத் தைக்கச் சொன்னேன். "ஏன், கரண்டு பில் கட்டலையா?" என்று கேட்டுக்கொண்டே மிதித்தாள். பத்தாவது நிமிஷம் திரை கறுத்தது.

அப்போது நான் கேபினெட்டின் பக்கத் தகடைக் கழற்றி டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். திரை போனது, ஆனால் பெட்டிக்குள் இருக்கும் விசிறி நிற்கவில்லை. கரண்டு கண் இமைக்கும் நேரம் அறுந்தாலும் அந்தச் சின்ன விசிறி தளர்ந்துதான் மறுபடி ஏறும். இது ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியென்றால் கரண்டு போகவே இல்லை. போர்டிடம் யாரோ 'முதலிலிருந்து ஆரம்பி' என்று சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல அந்தப் பெட்டியில் ஒரு பட்டன் இருக்கிறதல்லவா? ரீசெட். அதிலிருந்து இரண்டே ஒயர் போர்டுக்குப் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் ரீஸ்டார்ட், வேறு கணக்கே இல்லை.

முன்மூடியைக் கழற்றிப் பட்டனை நகத்தால் தள்ளினேன். பாதி அமுங்கியபடியே நின்றது. ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்து பொருக்கு. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு அம்மா மானிட்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, என் டெஸ்டருக்குக்கூட ஒன்று பொட்டு வைத்தாள். கேபினெட்டில் வைக்க வாகாக வட்டமாக ஒரு இடம் இருந்தது, அங்கே வைத்துவிட்டாள். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து பட்டனைப் பிடித்துக்கொண்டது. மெஷின் ஸ்டாண்டும் கம்ப்யூட்டர் டேபிளும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அவள் மிதிக்க மிதிக்க டேபிள் ஆடும், பட்டன் தொடும்.

ரீசெட் ஒயரைப் போர்டிலிருந்து உருவிவிட்டேன். இன்றோடு 12 நாள், ஒரு ரீஸ்டார்ட் இல்லை. பட்டன் இனி சும்மா அலங்காரம், வருகிற ஆயுத பூஜைக்கும் அங்கேயே பொட்டு வைக்கட்டும். அம்மாவிடம் "தூசி அடைச்சிருந்துச்சு" என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்லு.

பொங்கலுக்கு வரும்போது கேபினெட் ஸ்க்ரூ நாலு வாங்கி வா. கழற்றியது ஆறு, திரும்பப் போட்டது ஐந்து. மிச்சம் ஒன்று பெட்டிக்குள் இல்லை, நன்றாகத் தேடிவிட்டேன். மெஷினுக்கடியில் உருண்டிருக்கும்.

அன்புடன்,
அப்பா