பட்டுக்கோட்டை வாசிப்பறையில் உடன் இருந்தவர்களுக்கு

அன்புடையீர்,

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தேறி, இளநிலை உதவியாளராகப் பணியில் சேர்ந்துவிட்டேன். முதல் சம்பளம் வாங்கிய கையோடு இம்மடலை எழுதுகிறேன்.

2018 நவம்பரில் வந்த கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பைச் சாய்த்த பிறகுதான் அரசு வேலைக்குப் படிக்கத் தொடங்கினேன். 2019 செப்டம்பரில் முதல் முயற்சி, தேறவில்லை. அடுத்த தேர்வு நடந்தது 2022 ஜூலையில். இடையில் கொரோனா. தேதி தெரிந்தால் எவ்வளவு பாடமானாலும் படித்துவிடலாம். தேதியே இல்லாமல் அன்றாடம் புத்தகத்தைத் திறப்பதுதான் மனத்தை அரித்தது.

நூலகர் அம்மா, அந்த நாட்களில் நீங்கள் எனக்கு அறிவுரை எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் வராவிட்டால் மறுநாள், "நேற்று ஏம்மா வரவில்லை?" என்று கேட்பீர்கள், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றே பல நாள் கிளம்பி வந்திருக்கிறேன். கைப்பேசியில் கேட்ட எழுச்சி உரைகளெல்லாம் அன்றைய இரவுச் சாப்பாடு வரைகூடத் தாங்கவில்லை. உங்கள் கேள்வி ஆண்டுக்கணக்கில் தாங்கியது.

தமிழாசிரியர் ஐயாவுக்கு என் வணக்கம். முதல் முறை நான் பொதுத்தமிழுக்குப் பதிலாகப் பொது ஆங்கிலம் எழுதியவள். 2021 டிசம்பரில் தமிழ்த்தாள் கட்டாயம் என்று அரசாணை வந்ததும் கைகால் ஓடவில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எதுகை, மோனையிலிருந்து தொடங்கி, வேர்ச்சொல், பிரித்தெழுதுதல், பிழைதிருத்தம் என்று உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கற்றுக் கொடுத்தீர்கள். பணம் நீட்டியபோது கோபித்துக்கொண்டீர்கள்.

2022 தேர்வின் முடிவு 2023 மார்ச்சில் வந்தது. தமிழில் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தும், கலந்தாய்வுக்கு அழைக்கும் இடத்தில் என் தரவரிசை இல்லை. பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை.

தோழி, பதினோராம் நாள் நீ வினாத்தாளோடு வந்தாய். ஆறுதல் சொல்லவில்லை. "எது எது தவறென்று மட்டும் பார்ப்போம்" என்றாய். திறனறிவுப் பகுதியின் 25 வினாக்களில் ஒன்பதைத் தவறவிட்டிருந்தேன். பெரும்பாலும் தனிவட்டியும் கூட்டுவட்டியும். வினாவுக்கு ஒன்றரை வீதம் பதின்மூன்றரை மதிப்பெண். என்னால் ஆகாது என்று பத்து நாளாக நினைத்துக் குமைந்திருந்தேன். உண்மையில் எனக்கு வராதது வட்டிக்கணக்கு. அன்று மாலையே நோட்டை எடுத்தோம். நூலகம் விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில் உன் வீட்டு மொட்டைமாடியில் கணக்கு மட்டும் போட்டோம். 2024 ஜூனில் மறுபடி தேர்வு எழுதியபோது அதே பகுதியில் இரண்டு வினாக்கள்தான் தவறின.

அப்பா, புயலுக்குப் பின் நட்ட கன்றுகளுக்கு நீங்கள் குடத்தில் தண்ணீர் சுமந்த காலமும் நான் படித்த காலமும் ஒன்றுதான். "இன்னும் எத்தனை வருடம்?" என்று உறவினர்கள் என்னைக் கேட்டபோதெல்லாம், நீங்களே முன்வந்து பேச்சை மாற்றியதை நான் கவனிக்காமல் இல்லை.

தோழி, உனக்கு இன்னும் பணி கிடைக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு நீ படித்துக்கொண்டிருக்கிறாய். இந்த வெள்ளிக்கிழமை அலுவலகம் முடிந்து ஏழு மணிக்கு மாடிக்கு வந்துவிடுவேன். பழைய வினாத்தாள்களை எடுத்து வை.

நன்றியுடன்,
ஜன்னலோர நாற்காலிக்காரி