கொழும்பு மத்திக்கு மூன்று ஆசனங்கள் திரும்ப வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய தேர்தல் முறை பற்றிய பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. உங்கள் பத்திரிகை உட்பட நம் தமிழ்ப் பத்திரிகைகளில் இதுபற்றி வரும் கட்டுரைகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். வடக்கு கிழக்கில் எத்தனை ஆசனம் குறையும், மலையகத்தில் நுவரெலியா தொகுதியை எப்படிப் பிரிப்பார்கள் என்றெல்லாம் விரிவாக எழுதுகிறீர்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் கொழும்பு நகரத் தமிழர் என்று வந்தவுடன் பேச்சு யாருக்கு எத்தனை விருப்பு வாக்கு என்ற கணக்கோடு நின்றுவிடுகிறது. தொகுதிகளின் எல்லையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. இந்த நகரத்துத் தொகுதிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் நமக்கும் பங்கு உண்டு.

முதலில் நிலத்தைப் பாருங்கள். மேற்கே கடலும் துறைமுகமும், வடக்கே களனி ஆறு, தெற்கே பேர வாவி. இவற்றுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது வடகொழும்பும் மத்திய கொழும்பும். மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டால், கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, கிராண்ட்பாஸ், புதுக்கடை, வாழைத்தோட்டம், மாளிகாவத்தை, மருதானை. துறைமுகம் வேலை கொடுத்தது, வேலை ஆட்களை வரவழைத்தது, வந்தவர்கள் நடந்து போய் வரும் தூரத்திலேயே குடியிருந்தார்கள். செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்களும், கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் கோயிலும் பொன்னம்பலவாணேஸ்வரமும், சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல்களும் விகாரைகளும் அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணம் இதுதான். 2001 கணக்கெடுப்பில் மாநகர எல்லைக்குள் சிங்களவர் சுமார் 41 வீதம், இலங்கைத் தமிழர் சுமார் 29 வீதம், முஸ்லிம்கள் சுமார் 24 வீதம். யாரும் பாதியைத் தாண்டவில்லை. மாவட்டம் முழுவதையும் எடுத்தால் கதை வேறு. 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் சிங்களவர் ஏறக்குறைய 77 வீதம். நான் எழுதவருவது முழுவதும் இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

கொழும்பில் தமிழருக்கு ஓர் ஆசனம் வேண்டும் என்ற கேள்வி நேற்று முளைத்ததல்ல. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். கொழும்பு அடங்கிய மேல் மாகாணத்தின் தமிழருக்கு ஓர் ஆசனம் கிடைக்க ஆதரவளிப்போம் என்று ஜேம்ஸ் பீரிஸ் போன்ற தலைவர்கள் கொடுத்த வாக்குறுதியை நம்பித்தான் அவர் அந்த ஐக்கியத்தைக் கட்டினார். வாக்குறுதி காற்றில் போனது. கொழும்பு நகர ஆசனத்தில் ஜேம்ஸ் பீரிஸே அமர்ந்தார். அருணாசலம் 1921இல் காங்கிரஸை விட்டு விலகினார். சிங்களத் தலைமையும் தமிழ்த் தலைமையும் பிரிந்த கதையைச் சொல்பவர்கள் 1956இலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, கொழும்பில் ஓர் ஆசனத்தின் பெயரால் முதல் விரிசல் விழுந்துவிட்டது. பின்னர் 1924 சட்டசபையில் மேல் மாகாணத் தமிழருக்கென்று ஒரு இனவாரி ஆசனம் தந்தார்கள். பிரித்தானியர் கொண்டுவந்த டொனமூர் அரசியலமைப்பு 1931இல் இனவாரி ஆசனங்களையே ஒழித்தது.

அதோடு கொழும்புத் தமிழர் பிரதிநிதித்துவம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை! சர்வசன வாக்குரிமையோடு நடந்த அந்த 1931 தேர்தலில் கொழும்பு வடக்கில் வென்றவர் டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து. யாழ்ப்பாணத்தில் வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் நான்கு தொகுதிகள் வெறுமையாகக் கிடந்த அதே தேர்தல் இது. தேர்தல் வழக்கில் அவர் பதவி இழந்தார்; 1932 இடைத்தேர்தலில் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்றார். அரசாங்க சபையின் இரண்டாவது பெண் உறுப்பினர் அவர். 1936இலும் வென்று, 1941இல் மறையும் வரை கொழும்பு வடக்கு அவர் கையில்தான் இருந்தது. கணவர் 1937இல் கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயர் ஆனார். தமிழர் வாக்கை மட்டும் நம்பி இவற்றில் ஒன்றையும் வென்றிருக்க முடியாது. துறைமுகத் தொழிலாளியும் சில்லறைக் கடைக்காரரும், சிங்களவர் முஸ்லிம் என்று எல்லாரும் வாக்களித்தார்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு நேசம் சரவணமுத்துவின் பெயர் தெரியும்? பாடப்புத்தகம் சொல்லாவிட்டால் பத்திரிகையாவது சொல்ல வேண்டாமா?

அடுத்து 1947. டொனமூருக்கு அடுத்து வந்த சோல்பரி அரசியலமைப்பின் கீழ் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 89 தொகுதிகளிலிருந்து 95 பேர் தெரிவானார்கள். ஓர் இனம் மட்டும் ஆளாத இடங்களில் பல அங்கத்தவர் தொகுதி அமைக்கலாம் என்று எல்லை நிர்ணயத்தில் இடம் வைத்திருந்தார்கள். அப்படி அமைந்தவற்றில் மூன்று பேரை அனுப்பும் தொகுதி ஒன்றே ஒன்று, கொழும்பு மத்தி. வாக்காளருக்கு மூன்று வாக்கு. மூன்றையும் ஒருவருக்கே போடலாம், பிரித்தும் போடலாம். தொழிற்கட்சியின் ஏ. ஈ. குணசிங்க, கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன், ஐக்கிய தேசியக் கட்சியின் ரி. பி. ஜாயா ஆகிய மூவரும் வந்தார்கள். ஒரு சிங்களத் தொழிற்சங்கவாதி, ஒரு பறங்கிய கம்யூனிஸ்ட், மருதானை சாஹிராக் கல்லூரி அதிபராயிருந்த ஒரு முஸ்லிம் கல்விமான். ஒரே தொகுதி, மூன்று கட்சி, மூன்று சமூகம். வேறெந்த முறையிலும் இப்படி ஒரு முடிவு வந்திருக்காது.

கெனமன் 1977 வரை அந்தத் தொகுதியின் உறுப்பினராயிருந்தார். வாழைத்தோட்டத்தில் வளர்ந்த ரணசிங்க பிரேமதாச 1960 மார்ச்சில் முதல் முறை அங்கே வென்று, யூலையில் தோற்று, பிறகு திரும்பி வந்து வேரூன்றினார். 1970இல் பிரேமதாச, பளீல் கபூர், கெனமன் மூவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இங்கே ஒரு விஷயத்தை நின்று கவனிக்க வேண்டும். 1970 அரசாங்கத்தில் வீடமைப்பு அமைச்சர் கெனமன். ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளுக்கு எல்லை வைத்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் 1973இல் அவர் காலத்தில்தான் வந்தது. 1977க்குப் பிறகு வீடமைப்பு பிரேமதாசவிடம் போனது. அரசியலில் எதிரும் புதிருமான இருவர், ஆனால் ஒரே தொகுதியின் உறுப்பினர்கள். ஒரு குழாயடிக்கும் ஒரு கக்கூசுக்கும் பல குடும்பங்கள் வரிசையில் நிற்கும், நகரத்தில் ‘தோட்டம்’ என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் வாக்குக் கேட்டுப் போனவர்கள் வீட்டுப் பிரச்சினையை மறந்திருக்க முடியாது. உறுப்பினர் தன் தொகுதியின் முடுக்குகளில் நடந்தாக வேண்டும் என்ற நிலை இருந்தால் நாட்டின் கொள்கையே மாறும். நான் இந்த முறைக்காக வாதாடுவதற்கு முதல் காரணம் அதுதான்.

ஒரு கேள்வி எழும். அந்த மூன்று ஆசனங்களில் தமிழர் ஒருவரும் அமரவில்லையே, பிறகென்ன? உண்மைதான், அமரவில்லை. காரணம் தொகுதியில் இல்லை, வாக்காளர் இடாப்பில் இருந்தது. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளரை மட்டும் வெட்டவில்லை. துறைமுகத்திலும், மாநகர சபைச் சுத்திகரிப்பு வேலையிலும், புறக்கோட்டைக் கடைகளிலும் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரின் வாக்கும் அதே கையோடு போனது. 1952 தேர்தலில் இந்த நகரத்தில் வாழ்ந்த தமிழரும் வாக்களிக்கக்கூடிய தமிழரும் இரு வேறு தொகைகள். தமிழரசுக் கட்சியின் கவனமோ வடக்கு கிழக்கில். கொழும்பைத் தமது களமாக அவர்கள் எண்ணவில்லை. அந்தக் குடியுரிமைப் பிரச்சினை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003இல்தான். ஆகவே எல்லாரிடமும் வாக்கு இருக்கும் நிலையில், பல அங்கத்தவர் தொகுதியைக் கொழும்புத் தமிழர் ஒரு தடவைகூடப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. வாக்கு வந்தபோது தொகுதி போய்விட்டிருந்தது.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்து, மாவட்டம் முழுவதையும் ஒரே களமாக்கி, தொகுதிகளை வெறும் வாக்கு எண்ணும் பிரிவுகளாக்கியது. கொழும்பு மத்தி இன்று மாவட்டத்தின் 15 பிரிவுகளில் ஒன்று. கொட்டாஞ்சேனையில் நிற்பவர் அவிசாவளை, ஹோமாகம, கெஸ்பாவ என்று எங்கும் சுவரொட்டி ஒட்ட வேண்டும். பணம் உள்ளவர் ஒட்டுகிறார். இருந்தும் விகிதாசார முறை நமக்குக் கதவைத் திறந்தது என்பதை மறுக்க மாட்டேன். தி. மகேஸ்வரன் 2004இல் இங்கிருந்துதான் பாராளுமன்றம் போனார். 2008 புத்தாண்டு நாளில் பொன்னம்பலவாணேஸ்வரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மனோ கணேசன் பல தடவை வென்றார். ஆனால் 2024இல் மாவட்டத்தின் ஆசனங்கள் 18 ஆகக் குறைந்திருந்தன. அவரும் தோற்றுத் தேசியப் பட்டியலால்தான் உள்ளே வந்தார். நம் குடும்பங்களோ வாடகை தாங்காமல் ஆற்றைத் தாண்டி வத்தளை, ஹெந்தளைப் பக்கம் போய்க்கொண்டிருக்கின்றன. பாலத்தைக் கடந்தால் கம்பஹா மாவட்டம். வாக்கும் அங்கே போகிறது.

இந்த நிலையில் கலப்பு முறை என்கிறார்கள்; அதாவது ஒரு பகுதி உறுப்பினர்கள் தொகுதிகளிலிருந்தும், மீதிப்பேர் விகிதாசாரப்படியும் வருவார்கள். நகரத்தை ஒற்றை அங்கத்தவர் தொகுதிகளாகத் துண்டு போட்டால் மூன்று சமூகங்களும் ஒவ்வொரு துண்டிலும் மோத வேண்டி வரும். கட்சியையா சமூகத்தையா தெரிவது என்று ஒவ்வொரு வாக்காளரும் தவிக்க வேண்டும். மூன்று வாக்கு கையில் இருந்தால் அந்தத் தவிப்பு இல்லை. மாகாண சபைகளுக்கு 2017இல் கலப்பு முறையைச் சட்டமாக்கினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை, கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்தார். எல்லையைப் பற்றி முன்கூட்டியே பேசாததன் விலை அது. மாகாண சபைத் தேர்தல் அதில் சிக்கி ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போனது.

ஆகையால் என் வேண்டுகோள் நேரடியானது. எந்தப் புதிய முறை வந்தாலும் கொழும்பு வடக்கும் மத்தியும் சேர்ந்த பகுதி குறைந்தது மூன்று உறுப்பினர் கொண்ட தொகுதியாக இருக்க வேண்டும்; வாக்குகளை ஒருவருக்கே குவிக்கும் உரிமையும் வேண்டும். இது தமிழருக்கு மட்டுமான சலுகை அல்ல. அங்குள்ள முஸ்லிம்களுக்கும் ஏழைச் சிங்களவருக்கும் அதே நன்மை உண்டு, அவர்களோடு சேர்ந்தே கேட்கலாம். கொழும்பில் வாக்குக் கேட்கும் தமிழ்க் கட்சிகள் தமது எல்லை வரைபடத்தை எழுத்தில் முன்வைக்கட்டும், சிங்களத்திலும் தமிழிலும். முன்வைத்தால் அதை முழுமையாகப் பிரசுரியுங்கள். முன்வைக்காவிட்டால் ஏன் என்று உங்கள் நிருபர்கள் கேட்கட்டும். வத்தளைக்குக் குடிபோனவர்களும், லொட்ஜுகளிலும் புதிய தொடர்மாடிகளிலும் இருப்பவர்களும் வாக்காளர் இடாப்பில் தம் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்க்க, கிராம சேவகரிடம் கொடுக்க வேண்டிய படிவம் பற்றிய விளக்கத்தையும் அதே பக்கத்தில் போட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கொழும்பு - 13.