ஆண்டறிக்கை (ஜூலை 2024 – ஜூன் 2025): மிடில்வெயிட் சாம்பியன்களை எப்படி வரிசைப்படுத்துவது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வடசென்னையின் பல தெருக்களிலிருந்தும் வந்திருக்கும் குத்துச்சண்டை அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் அஞ்சலி. மார்ச் 21 அன்று முன்னாள் ஹெவிவெயிட் உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன் மறைந்தார். மே 20 அன்று இத்தாலியின் நீனோ பென்வெனூட்டி தமது 87ஆம் வயதில் காலமானார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, பின்னாளில் மிடில்வெயிட் உலகச் சாம்பியனாக விளங்கியவர். தம்மிடமிருந்து பட்டத்தைப் பறித்த கார்லோஸ் மொன்சோனோடு கடைசிவரை நட்பு பாராட்டியவர். இருவருக்காகவும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

மாதக் கூட்டங்களும் ஞாயிறு மாலைத் திரையிடல்களும் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் தவறாமல் நடந்தன. சந்தா, வாடகை, புரொஜெக்டர் பழுது பார்த்த செலவு எல்லாவற்றையும் பொருளாளர் தனியே வாசிப்பார். நான் நேராக இந்த ஆண்டு நம்மைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

மிடில்வெயிட் சாம்பியன்களின் தரவரிசை ஒன்றைத் தயாரித்து நம் அறையில் மாட்டுவது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழில்முறை மிடில்வெயிட் என்பது 160 பவுண்டு, அதாவது சுமார் 72.5 கிலோ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கியது 75 கிலோ அமெச்சூர் பிரிவில். இரண்டும் வேறு.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொரு பட்டியலோடு வந்தோம். பெரும்பாலானவற்றில் முதல் பெயர் சுகர் ரே ராபின்சன். ஐந்து முறை மிடில்வெயிட் பட்டம் வென்றவர் வேறு யார் என்பது அவர்கள் வாதம். அன்று 1957 மே 1 சிகாகோ சண்டையை மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஜனவரியில் தம்மைத் தோற்கடித்த ஜீன் ஃபுல்மரோடு மீண்டும் மோதுகிறார் ராபின்சன். 36 வயது நிறைய இன்னும் இரண்டே நாள். ஐந்தாவது ரவுண்டில் ஃபுல்மர் முன்னேறி வர, ராபின்சனின் லெஃப்ட் ஹூக், அதாவது இடக்கையை வளைத்து விடும் குத்து, தாடையில் இறங்குகிறது. அதற்குமுன் யாரும் நாக்அவுட் செய்திராத ஃபுல்மர் எழ முயன்றும் பத்து எண்ணி முடிவதற்குள் எழ முடியவில்லை. அந்தக் குத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

ஆனால் ஐந்து முறை வென்றார் என்றால் இடையிடையே இழந்தார் என்றும் பொருள். டர்பின், ஃபுல்மர், பசீலியோ, பெண்டர் ஆகிய நால்வரிடம் பட்டத்தைப் பறிகொடுத்திருக்கிறார். அவருடைய உச்சம் 147 பவுண்டு வெல்டர்வெயிட்டில் இருந்தபோதுதான். அந்தக் காலத்துப் பெருமையையும் சேர்த்து மிடில்வெயிட் பட்டியலில் வைப்பது சரியா? இங்கேதான் அளவுகோல் இல்லாமல் பெயர்களை அடுக்கிப் பயனில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது.

160 பவுண்டில் செய்தது மட்டுமே கணக்கு என்று ஒரு விதி எழுதினோம். எழுதிய வேகத்திலேயே அது ஹாரி கிரெப்பின் மேல் போய் மோதியது. பிட்ஸ்பர்கைச் சேர்ந்த கிரெப் 1923 முதல் 1926 வரை சாம்பியன். சுமார் முந்நூறு சண்டைகள் போட்டவர், அவற்றில் பல ஒரு கண்ணில் பார்வை போன பிறகு. பின்னாளில் ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் டெம்ப்சியையே இருமுறை வென்ற ஜீன் டன்னி, வாழ்நாளில் தோற்றது ஒரே ஒருவரிடம். அந்த ஒருவர் கிரெப், நாள் 1922 மே 23. ஆனால் அது மிடில்வெயிட்டுக்கு மேலான லைட் ஹெவிவெயிட் பிரிவுச் சண்டை. ராபின்சனின் வெல்டர்வெயிட்டை விலக்கினால் இதையும் விலக்க வேண்டாமா என்று ராபின்சன் தரப்பு கேட்டது. நியாயமான கேள்வி.

என் பதிலை இங்கே பதிவு செய்கிறேன். ராபின்சன் வெல்டர்வெயிட்டில் ஆடியது இளைய, எடை குறைந்த வேறோர் உடம்போடு. கிரெப் டன்னியை அடித்தது அதே மிடில்வெயிட் உடம்போடு, தம்மைவிடப் பத்துப் பவுண்டுக்கு மேல் கனமானவரை. முன்னது வேறு பிரிவின் சாதனை. பின்னது ஒரு மிடில்வெயிட் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சாட்சி. ஆகவே மேலே ஏறிப் போட்ட சண்டை கணக்கில் வரும், கீழே இருந்தபோது போட்டது வராது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு சபை இதை ஏற்றது.

கிரெப் சண்டையிடும் படச்சுருள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, பயிற்சிக் காட்சிகள்தான் இருக்கின்றன. பார்க்காத ஆளை எப்படி முதலில் வைப்பது என்று இளைஞர்கள் கொதித்தார்கள். யாரோடு, எப்போது, என்ன எடையில் மோதினார், எதிராளி பிறகு என்ன ஆனார் என்பதெல்லாம் பதிவாகி இருக்கிறதே! படம் கிடைக்கவில்லை என்பது அவர் குற்றம் அல்ல.

எங்களுக்குள் அடுத்த சண்டை, மார்வின் ஹேக்ளரா பெர்னார்ட் ஹாப்கின்ஸா என்பதில். ஹாப்கின்ஸ் 1995 முதல் 2005 வரை இருபது முறை பட்டத்தைக் காத்தார், ஹேக்ளர் பன்னிரண்டு முறை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேச்சே இல்லை. ஆனால் ஹாப்கின்ஸின் பெரிய வெற்றிகளான டிரினிடாடும் டி லா ஹோயாவும் கீழ்ப் பிரிவுகளிலிருந்து ஏறி வந்தவர்கள். ஹேக்ளரின் டுரானும் ஹெர்ன்ஸும் மட்டும் என்ன என்று எதிர்த்தரப்பு உடனே திருப்பியது. உண்மைதான். ஹேக்ளரை நான் மேலே வைப்பது அந்தப் பெயர்களுக்காக அல்ல. பட்டத்துக்கான வாய்ப்பு எளிதில் கிடைக்காத 1970களில் அவர் பிலடெல்பியாவின் முரட்டு மிடில்வெயிட்களோடு மோதினார். 1976இல் பாபி வாட்ஸிடமும் வில்லி மன்றோவிடமும் தோற்றார், பிறகு இருவரையும் தேடிப் போய் வென்றார். 1978இல் பென்னி பிரிஸ்கோவையும் வென்றார். இதே பிரிஸ்கோதான் 1972இல் புவெனஸ் அயர்ஸில் ஒன்பதாவது ரவுண்டில் மொன்சோனைத் தள்ளாட வைத்தவர். அவரவர் காலத்தில் யார் யாரைச் சந்தித்தார்கள் என்று இப்படிக் கோத்துப் பார்க்கும்போதுதான் தரவரிசைக்கு ஓர் அடிப்படை கிடைக்கிறது.

இனி மொன்சோன். 1970 நவம்பர் 7 அன்று ரோமில் பென்வெனூட்டியை வீழ்த்தி, பதினான்கு முறை பட்டத்தைக் காத்து, 1977இல் சாம்பியனாகவே விலகினார். 1964க்குப் பிறகு தோல்வியே இல்லை. 1988இல் மார் டெல் பிளாட்டாவில் தம் துணைவி அலிசியா முனீஸைக் கொன்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். விடுப்பில் வெளியே வந்திருந்தபோது 1995 ஜனவரியில் கார் விபத்தில் இறந்தார். இவர் படத்தை நம் சுவரில் மாட்டக்கூடாது என்று மகளிர் பயிற்சிப் பிரிவு உறுப்பினர்கள் எழுந்து சொன்னபோது சபை அமைதியானது. அவர்கள் பக்கம் நான் நிற்கிறேன். வளையத்துக்குள் நடந்ததை நாம் அழிக்க முடியாது, அதனால் பெயர் பட்டியலில் இருக்கும். படம் இருக்காது. அலிசியா முனீஸ் என்ற பெயரும் செய்த குற்றமும் அதே வரியில், அதே எழுத்தளவில் இடம்பெறும். இது எதிர்ப்பின்றி நிறைவேறியது.

அண்மைக் காலச் சாம்பியன் கோலோவ்கினுக்கும் இடம் கேட்டார்கள். அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

இன்னொரு பெயரை மூத்த உறுப்பினர் ஒருவர் எழுப்பினார்: சார்லி பர்லி. அவரும் பிட்ஸ்பர்க்காரர்தான். பின்னாளில் லைட் ஹெவிவெயிட் சாம்பியனான ஆர்ச்சி மூரை 1944இல் வென்றவர். கறுப்பினத்தவர் என்பதாலும் அவரோடு மோதுவது ஆபத்து என்பதாலும் உலகப் பட்டத்துக்கான ஒரு சண்டைகூட அவருக்குக் கொடுக்கப்படவில்லை. சொந்த ஊரில் குப்பை அள்ளும் தொழிலாளியாக வேலை பார்த்தார். சாம்பியன்கள் பட்டியலில் விதிப்படி அவருக்கு இடமில்லை. ஆனால் அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில், பட்டம் மறுக்கப்பட்டவர்கள் என்று தனிப் பலகை வைக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. அதில் முதல் பெயர் பர்லி, அடுத்தது ஹோல்மன் வில்லியம்ஸ்.

வாக்கெடுப்பில் கிரெப் முதலிடம் பெற்றார், வித்தியாசம் மிகக் குறைவு. அடுத்து ஹேக்ளர், மொன்சோன், ராபின்சன், ஹாப்கின்ஸ். ராபின்சனை நான்காவதாக வைத்ததற்கு எதிராக ஆட்சேபம் எழுத்து மூலம் வந்திருக்கிறது. அதை இந்த அறிக்கையோடு இணைத்திருக்கிறேன். இன்றைய கூட்டத்தில் அதைப் பரிசீலித்த பிறகே பலகை எழுதக் கொடுக்கப்படும்.

திரையிடலுக்கு இடமும் மின்சாரமும் தந்த அண்டை வீட்டாருக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தேநீர் கொண்டு வந்த தம்பிகளுக்கும் மன்றத்தின் நன்றி. தனிப் பலகைக்கான பரிந்துரையையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்