மயில் கழுத்து நிறத்தில் ஒரு கல்யாண கவுன்

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள குண்டூசிக்கு,

சுங்குடி வந்து சேர்ந்தது. கருநீலம், வெள்ளைப் புள்ளி. போன தடவையும் கருநீலம்தான், அதற்கு முந்தின தடவை காப்பிக்கொட்டை நிறம். குறை சொல்லவில்லை, நான் கேட்டதைத்தானே அனுப்புகிறாய். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மிதிமிஷினுக்கு ஒரு மோட்டார் போட்டுக்கொள் என்று பத்து தடவை எழுதிவிட்டேன். நீ கேட்கப்போவதில்லை.

இரண்டு மாதமாகக் கடிதம் போடாததற்கு ஒரு கல்யாண கவுன்தான் காரணம். போன வாரம்தான் கையை விட்டுப் போனது. கடை வெறிச்சென்று இருக்கிறது. வீட்டில் சொன்னால் "துணிதானே" என்பார்கள், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

வில்லிவாக்கத்துப் பெண். அம்மாவோடு வந்தாள். சர்ச்சில் கல்யாணம். உட்காரம்மா என்றேன். கைவைத்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கை உள்ளே அடங்குமா, எழுந்திருக்கும்போது நாற்காலியும் கூடவே வருமா என்று கணக்குப் போடுகிற பார்வை. நானும் பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கல்யாண மண்டபத்தில் அப்படிப் பார்த்துத்தான் உட்காருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கிறார்கள். ஜிப் ஏறாத கவுனை மாட்டிவிட்டு, முதுகில் கிளிப் போட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தி, "இன்னும் நாலு மாசம் இருக்கே, குறைச்சிட்டு வாங்க" என்றார்களாம். அதைச் சொல்லும்போது அந்தப் பெண் சிரித்தாள். அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"வெள்ளை வேண்டாம் ஆன்ட்டி. கலர் வேணும். ஒரு கலர் இல்ல, நிறைய."

"டார்க்கா ஏதாவது போட்டா கொஞ்சம் ஒல்லியாத் தெரிவா" என்றார் அம்மா. நானும் அதையே சொல்ல வாயைத் திறந்திருந்தேன், குண்டூசி. இந்த மேஜைக்குப் பின்னால் நின்று எத்தனை பெண்களிடம் சொல்லியிருக்கிறேன்! பெரிய பூ வேண்டாம், குறுக்குக் கோடு வேண்டாம், மஞ்சள் வேண்டவே வேண்டாம். சரி, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

பாட்டிக்கு வெள்ளை இல்லாதது பெரிய குறை. அந்தப் பெண் போனை எடுத்து எல்லோருக்கும் பாடம் நடத்தினாள். 1840-ல் விக்டோரியா ராணி வெள்ளை சாட்டின் உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் அது மெல்ல மெல்ல வழக்கமானதாம். அதற்கு முன்னால் அந்த ஊரிலும் பெண்கள் தங்களிடம் இருந்ததில் நல்ல உடுப்பாகப் பார்த்து, எந்த நிறமானாலும் போட்டுக்கொண்டு போனார்கள். பாட்டியிடம் விக்டோரியா எடுபடவில்லை. காஞ்சிபுரம் பட்டில் தைக்கப்போகிறோம் என்றதும்தான் கொஞ்சம் இறங்கி வந்தார்.

மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோர்வைப் புடவை, பார்டரைத் தனி நிறத்தில் நெய்து உடம்போடு கோர்த்தது, வாங்கி வந்தார்கள். உடம்பில் நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். அசைந்தால் நீலம், நின்றால் பச்சை. அரக்கு பார்டர், அரக்கு முந்தி. ஜரிகையை மட்டும் குறைத்துக்கொண்டார்கள், வெள்ளி விற்கிற விலையில் வேறு வழியில்லை. மேலுடம்புக்கு மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டு. ஆமாம், மஞ்சள்தான்.

குடை மாதிரி வட்டமாக விரிகிற அம்பர்லா கட் கேட்டாள். பட்டுப்புடவையில் அம்பர்லா வெட்டினால் என்ன ஆகும் என்று உனக்கா சொல்ல வேண்டும்? அடிவிளிம்பு வட்டம், பார்டர் நேர்க்கோடு. பார்டரைப் பிரித்தெடுத்து வட்டத்தில் வைத்துத் தைத்தால் பார்டரின் மேல் ஓரம் சுருங்கிக்கொண்டு நிற்கும். மூன்று நாள் பேப்பரில் கிறுக்கினேன். நாலாம் நாள், சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது நம் பட்டுப்பாவாடை ஞாபகம் வந்தது. புடவையின் நீளத்தை இடுப்பைச் சுற்றி ஓடவிட்டு, பார்டரை அப்படியே காலடியில் விட்டுவிடுவது. கவுன் என்று பெயர் வைத்தாலும் அது பாவாடைதான், பெரியவளுக்கான பாவாடை.

ஆனால் சுருக்கு வைத்தால் இடுப்பில் மூட்டை கட்டிய மாதிரி ஆகிவிடும். அதனால் மடிப்பு. நிற்கவைத்து எடுத்தபோது இடுப்பு 42 அங்குலம், பின்பக்கத்தோடு சேர்த்துச் சுற்றி எடுக்கிற சீட் 48. உட்காரவைத்து எடுத்தேன், 44, 52. நாம் இத்தனை வருஷமாக எல்லோரையும் நிற்கவைத்தே அளவெடுத்துவிட்டோமே! இவள் சர்ச்சில் உட்கார வேண்டும், முழங்காலிட வேண்டும், எழ வேண்டும், பந்தியில் சாப்பிட வேண்டும். ஆக 52-க்கு 52 மடிப்பு. ஒவ்வொன்றும் வெளியே ஓரங்குலம், உள்ளே இரண்டங்குலம். மொத்தம் 156 அங்குலம், நாலு மீட்டர் பட்டு. சீட்டிலிருந்து இடுப்புக்கு வரும்போது ஒவ்வொரு மடிப்பும் கொஞ்சம் கொஞ்சம் கூடுதலாக ஏறி உட்கார்ந்து 44-க்கு வர வேண்டும். ஏழங்குல உயரத்துக்கு மடிப்பைக் கையால் ஓட்டி, பிறகு மிஷினில் தைத்தேன். முதல் நாள் பதினொரு மடிப்புதான் முடிந்தது. கண் எரிந்தது. இடுப்பில் இரண்டு வரிசை ஊக்கு, நிற்பதற்கு ஒன்று, சாப்பிடுவதற்கு ஒன்று. புடவை அகலத்தில் மீதி இருந்ததை வெட்டாமல், உள்பக்கம் டக் பிடித்துவிட்டேன், சின்ன வயசில் நம் அம்மாக்கள் வருஷா வருஷம் பிரித்துவிடுவார்களே, அந்த மாதிரி. செருப்பு உயரத்தைக் கடைசி வாரம் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள், அதற்கு உதவியது.

மேலுடம்புதான் சண்டை. மார்பு 48, ஆனால் அதற்கு மேலே, அக்குளை ஒட்டி எடுத்தால் 42. பெரிய அளவு அட்டையை வைத்து வெட்டினால் தோள் இறங்கிக் கையில் வந்து நிற்கும். உடம்பு பருத்தால் எலும்புமா பருக்கும்? 42-க்குத் தோளும் கழுத்தும் வெட்டிக்கொண்டு, மிச்ச ஆறு அங்குலத்தை முன்பக்கம், மார்பின் மேலாக நீளவாக்கில் இறங்குகிற பிரின்சஸ் கட் தையலில் திறந்தேன். காடாத் துணியில் மூன்று டிரையல். கை மாட்டுகிற வளைவை, அந்த ஆம்ஹோலை, இறக்கி வெட்டினால் தாராளமாக இருக்கும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அது தப்பு. இறக்கினால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் முழுக்க மேலே ஏறுகிறது. அக்குளை ஒட்டி ஏற்றி வெட்டியதும் கையைத் தலைக்கு மேலே தூக்கினாள், இடுப்பு அசையவில்லை. உள்ளே இடுப்பைச் சுற்றி ஒரு கெட்டியான பெல்ட் வைத்துப் பாவாடையின் பாரத்தை அதில் ஏற்றினேன், தோளில் தொங்கக்கூடாதே.

லைனிங்குக்குப் பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி கோடவுன் தெருவுக்குப் போனேன். கிரேப்தான் வழுவழுப்பு என்று கடைக்காரர் எடுத்துப் போட்டார். இந்த ஊர் வேர்வைக்கு கிரேப்பா? கிளிப்பச்சையில் மெல்லிய பருத்தி மல் துணி வாங்கினேன். அதிலேயே தொடை வரை ஒரு அரைக்கால் சட்டையும். தொடை உரசிப் புண்ணாகிற சங்கதி நமக்குத்தானே தெரியும், படம் போட்டுக் காட்டுகிறவர்களுக்குத் தெரியாது.

இப்போது நான் செய்த வேலையைக் கேள். கை நாலங்குலம் போதும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், என் கையெழுத்துதான். முந்தியின் அரக்கில் வெட்டி, தைத்து, மாட்டிவிட்டேன். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏன் ஆன்ட்டி, கை முழங்கை வரைக்கும் வருது?" டேப்பை வைத்தேன். பதினொன்று. சத்தியமாக யோசித்து வெட்டவில்லை. பெரிய கையைப் பார்த்தால் கத்தரி தானாகவே கீழே போய்விடுகிறது, முப்பது வருஷப் பழக்கம். அம்மாவுக்கு அது பிடித்திருந்தது, "இருக்கட்டுமே, மூடியிருக்கு" என்றார். அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் மெதுவாக மேலே மடித்துக்கொண்டே போனாள், நாலங்குலம் வரை. நான் அங்கேயே உட்கார்ந்து பிரித்தேன்.

அம்மா "கல்யாணத்துக்குள்ள அஞ்சு கிலோ குறைச்சிடுவா" என்று ஒவ்வொரு டிரையலிலும் சொன்னார். தையலுக்குள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டிருக்கிறேன், ஏறினாலும் இறங்கினாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். தலையில் முக்காடாகப் போட்ட நெட்டு மட்டும் வெள்ளை, அது பாட்டிக்காக. நடந்து வரும்போது நீலமும் பச்சையும் மாறி மாறி வந்தது, காலடியில் கிளிப்பச்சை அவ்வப்போது எட்டிப் பார்த்தது. முழங்காலிட்டு எழும்போதுதான் எனக்கு உயிர் போய் வந்தது. எங்கேயும் பிடிக்கவில்லை. பந்தியில் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். பிரியாணி வந்ததும், யாரும் பார்க்காதபோது கையைப் பின்னால் கொண்டுபோய் இரண்டாவது வரிசை ஊக்குக்கு மாறினாள். நான் பார்த்தேன்.

அப்புறம் ஒன்று. அடுத்த தடவை சுங்குடி எடுக்கும்போது கருநீலத்தை விட்டுவிடு. குங்குமச் சிவப்பில் பெரிய புள்ளி போட்டு ஒன்று வருமே, அது இருக்கிறதா என்று கேட்டுப் பார். இல்லாவிட்டால் மஞ்சள்.

முழங்காலுக்கு மோட்டார். மறக்காதே.

உன்,
பாபின்