ஆப்பெலும்புக் கட்டுரையைத் திருத்துங்கள்: கலைக்களஞ்சிய ஆசிரியர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

உங்கள் கலைக்களஞ்சியத்தின் மறுபதிப்பு கைக்கு வந்ததும் நாங்கள் முதலில் புரட்டியது, மண்டையோட்டின் அடித்தளத்தில் நடுவே இருக்கும் ஆப்பெலும்பை (ஸ்பீனாய்டு) பற்றிய கட்டுரையைத்தான். இருமுறை எழுதி அனுப்பிய திருத்தங்களில் ஒன்றுகூட ஏறவில்லை. முன்கதை உங்களுக்குத் தெரியும் என்பதால் நேரே கேட்கிறோம்: எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்து அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுதுங்கள்.

ஆப்பெலும்பு 10 எலும்புகளோடு சேர்கிறது என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 12 என்பதே சரி. ஒற்றை எலும்புகள் நான்கு: நுதல் (நெற்றி), பிடரி, சல்லடை (மூக்கின் கூரையில் இருப்பது), மேழி (மூக்கின் நடுத்தடுப்பில் இருப்பது). இருபுறமும் ஒவ்வொன்றாக வரும் இணை எலும்புகள் நான்கு ஜோடி: சுவர் (மண்டையோட்டின் மேற்பக்கம்), பொட்டு, கன்னம், அண்ணம். அண்ண எலும்புகள் இரண்டையும் விட்டுவிட்டதால் கணக்கு இடிக்கிறது.

எண்ணிக்கைப் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டுரையில் எலும்பின் படம் தலைகீழாக இருக்கிறதே! உசிலம்பட்டி, மேலூர், பேரையூர்ப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு எங்களிடம் உடற்கூறியல் படிக்க வரும் முதலாண்டு மாணவர்கள் அந்தப் படத்தை நம்பித்தான் எலும்பைப் பிடிக்கிறார்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே எலும்பைச் சரியான நிலையில் பிடித்துக் காட்டுவதுதான். அதில் தவறினால் மேல், கீழ், வலம், இடம் எல்லாமே மாறிப்போகும். அடுத்தடுத்த பதில்களும் சரிந்துவிடும்.

எலும்பைப் பிடிக்கும் நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டியது சில வரிதான். சிறகுரு நீட்சிகள் இரண்டும் கால்கள்போலக் கீழே தொங்க வேண்டும். பிட்யூட்டரி சுரப்பி அமரும் சேணப்பள்ளம் மேலே பார்க்க வேண்டும். சிறு சிறகுகள் மேலே முன்பக்கமாக இருக்கும். உடற்பகுதியில் காற்றறைகளின் வாய் தெரியும் பக்கம் முன்பக்கம். அறுத்த மரம்போலச் சொரசொரப்பாக இருப்பது பின்பக்கம். வளர்ந்தவர்களில் அது பிடரி எலும்போடு ஒன்றிவிடுவதால் ரம்பத்தால் அறுத்துத்தான் பிரித்திருப்பார்கள்.

அடுத்தது துளைகள். நடு மூளையுறைத் தமனி முட்டைத்துளை வழியாக நுழைகிறது என்கிறீர்கள். அது நுழைவது முள்துளை வழியாக. எலும்பின் பக்கவாட்டில் விரியும் பெருஞ்சிறகில் முன்னிருந்து பின்னாக வட்டத்துளை, முட்டைத்துளை, முள்துளை என்று மூன்றும் பிறைபோல வளைந்து வரிசையாக இருக்கின்றன. ஓர் ஈர்க்குச்சி போதும். வட்டத்துளையில் விட்டால் குச்சி படுக்கைவாட்டில் முன்னோக்கிப் போகும். முட்டைத்துளையில் விட்டால் கீழே இறங்கும். முள்துளை மிகச் சிறியது, அதில் மெல்லிய நுனிதான் நுழையும். ஒருமுறை செய்து பார்த்த மாணவருக்கு இந்த வரிசை மறக்காது.

அந்தத் தமனி ஏன் முக்கியம் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. பொட்டில் அடிபட்டால் ஆபத்து என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கன்ன வளைவுக்கு இரண்டு விரற்கடை மேலே, கண்குழியின் வெளிவிளிம்புக்கு ஒரு கட்டைவிரல் அகலம் பின்னே தொட்டுப் பாருங்கள். நுதல், சுவர், பொட்டு, ஆப்பு என நான்கு எலும்புகள் கூடும் டெரியான் அதுதான். அங்கே எலும்பு மெலிந்திருக்கும். உள்பக்கத்தை ஒட்டியே அந்தத் தமனியின் முன்கிளை ஓடுகிறது. அது கிழிந்தால் மூளையின் வெளியுறைக்கும் எலும்புக்கும் இடையே ரத்தம் தேங்கும். வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், சில மணி நேரத்தில் மயங்கிச் சரிவார். ஆப்பெலும்பைப் பற்றிய இரண்டு பக்கக் கட்டுரையில் டெரியான் என்ற சொல்லே இல்லை!

பெயர்களிலும் குழப்பம்தான். முதல் பத்தியில் ஆப்பெலும்பு, படத்தில் வௌவால் எலும்பு, அட்டவணையில் ஸ்பீனாய்டு. புதிதாகப் படிப்பவர் மூன்றும் வேறுவேறு எலும்பு என்றே நினைப்பார். தமிழில் அறிவியல் நூல் வருவதே பெரிது என்று சொல்லிச் சொல்லியே எத்தனை நூல்களில் இப்படிப்பட்ட பிழைகளை விட்டுவைத்திருக்கிறோம்! தமிழில் படிக்கிறவருக்கு மட்டும் அரைகுறை போதுமா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரையைத் திருத்தி எழுதுங்கள். மெய்ப்பை அனுப்பினால் வரி வரியாகப் பார்த்துத் தருகிறோம், கூலி வேண்டாம். அதுவரை, விற்காமல் இருக்கும் படிகளில் அந்தப் படத்துக்கு மட்டுமாவது ஒரு பிழைதிருத்தத் தாளை ஒட்டித் தாருங்கள். செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது.

அன்புடன்,
மதுரையில் உடற்கூறியல் கற்பிப்போர் சிலர்