படகு இல்லாத ஆற்றுப் பயணம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் குடும்பத்தோடு வந்த ஒரு பெரியவர், வேனில் ஏறி உட்கார்ந்ததும் எங்கள் டிரைவரிடம் கேட்டார்: "ஏப்பா, படகு எங்க நிக்குது?" தப்பு எங்கள் மேல்தான். 'வைகை ஆற்றுப் பயணம்' என்று நோட்டீஸ் அடித்த நாங்கள், படகு கிடையாது என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

2023 ஜனவரியில் வாரணாசியில் கிளம்பிய கங்கா விலாஸ் சொகுசுக் கப்பல், பிப்ரவரிக் கடைசியில் அசாமில் திப்ருகர் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்தே "நம்ம ஊரில் அந்த மாதிரி உண்டா?" என்று கேட்கிறீர்கள். பிரம்மபுத்திராவில் மாஜுலித் தீவில் இறங்கினால் முகமூடி செய்பவர்களையும், சக்கரமே இல்லாமல் கையாலேயே பானை செய்யும் பெண்களையும் பார்க்கலாம். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் வைகைக்கு அது ஆகாது. 258 கிலோமீட்டர் நீள ஆறுதான். மதுரைக்குள் பல மாதம் மணலும் புதரும்தான் தெரியும். அழகர் இறங்குவதற்கே அணையில் தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. (படகுதான் வேண்டும் என்றால் ஆலப்புழைக்கு ஏற்பாடு செய்து தருகிறோம், அது வேறு கணக்கு.)

சரி, படகு போகாவிட்டாலும் ரோடு போகிறதே. காலை 7 மணிக்கு சிம்மக்கல்லில் கிளம்பி முதலில் கீழடி. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் பழைய பானைகளையும், பெயர் கீறிய பானை ஓடுகளையும் பார்த்துவிட்டு, திருப்புவனம் வழியாக நேரே மானாமதுரை. இந்த வரிசையை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறோம். கண்ணாடிக்குள் பார்த்த பானையின் வேலை, ஒரு மணி நேரத்தில் கண்ணெதிரே நடக்கும்.

அங்கே கச்சேரியில் வாசிக்கும் மண்பானை வாத்தியமான கடம் செய்யும் வீட்டில் அவசரப்படாதீர்கள். சக்கரத்தில் வனைந்து எடுத்தது பாதி வேலைகூட இல்லை. கொஞ்சம் இறுகியதும் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். சுற்றுச் சுவர் எங்கும் ஒரே கனமாக வர வேண்டும். மிருதங்கம் என்றால் வாரை இழுத்துச் சுதி சேர்க்கலாம். கடத்துக்கு அந்த வசதி கிடையாது. சூளையிலிருந்து என்ன சுதியோடு வருகிறதோ, அதுதான். கடம் செய்ததற்காகவே சங்கீத நாடக அகாடமி விருது வாங்கிய பெண்மணி இந்த ஊர்க்காரர். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்த வீட்டிலும் நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை; அதனால் சொல்கிற விலை அவர்கள் விலைதான். வேலை செய்பவரை வீடியோ எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆடி மாதம் ஒரு அம்மா ஆசையாக வாங்கிய தண்ணீர்ப் பானை, டிக்கியில் உருண்டு திருப்புவனம் வருவதற்குள் மூன்று துண்டு. இப்போது வண்டியிலேயே வைக்கோலும் சாக்கும் வைத்திருக்கிறோம்.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பயணம் இல்லை. மழையில் பானை காயாது, சூளை வைக்க மாட்டார்கள். முதல் வருஷம் தெரியாமல் 12 பேரைக் கூட்டிப் போய், தார்ப்பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

சாயங்காலம் திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரி. அது வைகைக் கரை இல்லை, தெரியும். கொலு பொம்மைக்காகச் சேர்த்தது. நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் போனால் வாசல்தோறும் வர்ணம் காய்ந்துகொண்டிருக்கும்.

படகு என்று நினைத்துப் பதிவு செய்தவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் சொன்னால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம். வருகிறவர்கள் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குள் இறங்கும்போது செருப்பைக் கழற்ற வேண்டாம், மணல் சுடும்.

இப்படிக்கு,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
சிம்மக்கல், மதுரை