விண்ணை அழைப்பதற்கு முன் மண்ணைக் கேளுங்கள்

வியன்னாவில் கூடும் ஐ.நா. புறவெளிக் குழுவின் உறுப்பினர்களுக்கும், அங்கே இந்தியாவின் சார்பில் அமர்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

பழவேற்காட்டிலிருந்து எழுதுகிறேன். ஏரியின் இந்தக் கரை தமிழ்நாடு, ஏரியின் பெரும்பகுதி ஆந்திரம். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கிற மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ஏவுகிற நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று எங்கள் குப்பங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். சில நிமிடங்களில் கண்ணை விட்டு மறைகிற ராக்கெட்டுக்கே அந்த மரியாதை உண்டு. பூமியின் முகவரியைச் சொல்லி, திரும்ப அழைக்கவே முடியாத வானொலிச் செய்திகளை விண்மீன்களுக்கு அனுப்பியவர்களோ எங்களைப் போன்ற யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் குழுவும் அவர்களை இதுவரை கட்டுப்படுத்தவில்லை. அதனால்தான் இந்த மடல்.

1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரசிபோ தொலைநோக்கி எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி 1,679 பிட் (0, 1 என்ற குறிகள்) நீளமுள்ள செய்தி ஒன்றை அனுப்பியது. மனித உருவம், நம் மரபணுவின் அமைப்பு, சூரியனிலிருந்து மூன்றாவது கோள் நாங்கள் என்ற அடையாளம் எல்லாம் அதில் இருந்தன. எம்13 சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில், அதாவது செய்தி போய்ச் சேரவே அத்தனை ஆண்டுகள் ஆகும் தொலைவில், இருப்பதால் அதை வெறும் சடங்கு என்று சொல்லிவிடலாம். அப்படியிருந்தும் பிரிட்டனின் அரச வானியலாளர் மார்ட்டின் ரைல் அன்றே எதிர்ப்புத் தெரிவித்தார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1999 தொடங்கி கிரிமியாவின் யெவ்பட்டோரியா நிலையத்திலிருந்து அருகிலுள்ள விண்மீன்களுக்கே செய்திகள் போயின. 2008இல் ஆர்க்டிக் பகுதி ரேடார் ஒன்றிலிருந்து ஒரு நொறுக்குத்தீனி நிறுவனத்தின் விளம்பரம் போனது. மனித குலத்தின் பெயரால் வெளியே போன செய்திகளில் சிப்ஸ் விளம்பரமும் ஒன்று என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

2017இல் நார்வேயின் டிரோம்சோவிலிருந்து லூய்ட்டன் விண்மீனுக்குச் செய்தி அனுப்பினார்கள். அது 12.4 ஒளியாண்டு தொலைவில்தான் இருக்கிறது. 2030 வாக்கில் செய்தி அங்கே போய்ச் சேரும். அங்கே கேட்கிறவர் யாராவது இருந்து உடனே பதில் போட்டால் 2042 வாக்கில் வந்துவிடும். நான் இயற்பியல் கற்பிக்கிறவள். இன்று என்னிடம் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. தொலைவு நம்மைக் காப்பாற்றும் என்று இனிமேல் யாரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

நம் தொலைக்காட்சி, ரேடார் அலைகள் ஏற்கெனவே கசிந்துவிட்டன, ஒளிந்துகொள்ள இனி வழியில்லை என்று ஒரு வாதம் உண்டு. நான்கு பக்கமும் சிதறி மெலிகிற கசிவும், ஒரே திசையில் குவித்து அனுப்புகிற கற்றையும் ஒன்றாகாது. அரசிபோவின் கற்றை, அது சென்ற திசையில், தன் குறுகிய அலைவரிசையில் சூரியனையே மிஞ்சி ஒளிர்ந்தது. ஏற்கெனவே எல்லாம் தெரிந்துவிட்டது என்பது உண்மையானால், இத்தனை சக்தியைச் செலவழித்துப் புதிதாகச் சொல்ல வேண்டிய தேவைதான் என்ன?

இன்னொரு வாதம்தான் என்னை எழுத வைத்தது. விண்மீன்களுக்கிடையே பேசுகிற அளவுக்கு அறிவு வளர்ந்தவர்கள் அறத்திலும் வளர்ந்திருப்பார்கள், அவர்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்கிறார்கள். 1608இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஷே தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டார். வானத்தை மனிதன் உற்றுப் பார்க்கத் தொடங்கியது அந்தக் கண்ணாடியில்தான். அடுத்த ஐந்தே ஆண்டுகளில், 1613இல், அதே நாட்டு வணிகர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அன்றைய உலகில் கப்பல் கட்டுவதிலும், கணக்கு வழக்கிலும், ஓவியத்திலும், கண்ணாடி தேய்ப்பதிலும் அவர்களை மிஞ்ச ஆள் குறைவு. அந்தக் கோட்டை வழியாகத்தான் சோழமண்டலக் கரையின் ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தொலைநோக்கியைத் தந்த சமுதாயமும் அடிமைக் கணக்கை எழுதிய சமுதாயமும் ஒன்றே. அறிவு வளர்ந்தால் இரக்கமும் கூடவே வளரும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை எங்கள் ஊருக்கு வரட்டும். டச்சுக்காரர்களின் கல்லறைகளைத் தொல்லியல் துறை நன்றாகவே பராமரிக்கிறது. கப்பலேறிய எங்கள் மக்களுக்கு இந்தக் கரையில் ஒரு நடுகல்கூடக் கிடையாது.

ஆனால் நடந்ததை டச்சுக்காரர்களின் கொடுமை என்று மட்டும் சொல்லி முடித்தால் பாதி உண்மைதான் சொன்னதாகும். இங்கே வணிகம் செய்ய அவர்களுக்கு அனுமதி தந்தவர் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர். அவருக்குப் போர்த்துகீசியருக்கு எதிராக இன்னொரு துணை தேவைப்பட்டது, சுங்க வருமானமும் தேவைப்பட்டது. அவர் மறைந்த பிறகு வாரிசுச் சண்டை மூண்டது, நாயக்கர்கள் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள், பஞ்சங்கள் வந்தன. போரும் பஞ்சமும் வந்தபோதெல்லாம் அடிமை வியாபாரம் கொழுத்தது. சோற்றுக்காகப் பெற்ற பிள்ளைகளை விற்றவர்கள் உண்டு, பிடித்துக்கொண்டுவந்து விற்ற நம்மூர்த் தரகர்களும் உண்டு. வெளியிலிருந்து வந்தவன் நம் வீட்டு விரிசல் வழியாகத்தான் உள்ளே நுழைந்தான். அனுமதி தந்தது அரண்மனை. விலை கொடுத்தவர்கள் தறியிலும் வயலிலும் கிடந்தவர்கள்.

அதனால்தான், வேற்றுலகத்தார் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்வியைக் காட்டிலும் நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. அவர்கள் கப்பலேறி வருவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வாயேஜர் 1 விண்கலம் நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனின் தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். வந்தால் பெரும்பாலும் செய்திதான் வரும். அதை முதலில் பிடிப்பது எந்த நாட்டுத் தொலைநோக்கி? பிடித்தவர்கள் எல்லோருக்கும் சொல்வார்களா, பூட்டி வைத்துக்கொள்வார்களா? நம்மிடம் இல்லாத ஒரு நுட்பம் அதில் இருந்தால் அது மருந்தாகுமா, ஆயுதமாகுமா? இன்றைய உலகத்தைப் பார்த்துக்கொண்டே இதற்கு நல்ல பதில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. அவர்கள் ஒரு தீங்கும் நினைக்காவிட்டாலும்கூட, நம் சண்டைகளே அந்தச் சந்திப்பைக் கெடுத்துவிடப் போதும்.

நம் சார்பில் பேசியவர்கள் யார் என்பதையும் பாருங்கள். 1977இல் வாயேஜர் விண்கலங்களோடு போன, தங்க முலாம் பூசிய ஒலித்தட்டில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது. ஏரியின் அக்கரையில் பேசும் தெலுங்கு உண்டு, எங்கள் ஊரில் கோட்டை கட்டியவர்களின் டச்சு உண்டு, தமிழும் மலையாளமும் இல்லை. இதை மொழிப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவசரத்தில், ஒரு சிலர் கைக்கு எட்டியவர்களை வைத்துத் தொகுத்தால் உலகம் இப்படித்தான் அரைகுறையாகத் தெரியும். அதே தட்டில் மனித குலத்தின் பெயரால் வாழ்த்திப் பேசியவர் அன்றைய ஐ.நா. பொதுச் செயலாளர் கூர்ட் வால்ட்ஹைம். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படையில் அவர் பணியாற்றிய காலத்தைப் பற்றி மறைத்திருந்த செய்திகள் 1986இல்தான் வெளியே வந்தன. அதற்குள் அந்தக் குரல் கோள்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

உங்கள் கையில் 1967இன் புறவெளி ஒப்பந்தம் இருக்கிறது. புறவெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் மனித குலம் முழுமைக்கும் உரியவை என்கிறது அது. எங்கள் ஏரியும் பொதுதான். இறால் பிடிக்கும் இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதைப் பாடு எனப்படும் முறைவைப்பில் ஊர்க்கூட்டம் முடிவு செய்யும். பொதுச் சொத்து என்பதால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று இங்கே எவரும் சொல்வதில்லை, பொது என்பதால்தான் கேட்டுவிட்டு இறங்க வேண்டும். அந்த முறையில் எல்லாச் சமூகத்தாருக்கும் இடமில்லை என்ற நியாயமான குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் கேட்க வேண்டும் என்ற நெறியாவது இருக்கிறது. விண்வெளி ஆய்வாளர்களின் பன்னாட்டுக் கழகம் 1989இல் வகுத்து 2010இல் திருத்திய கோட்பாடுகள், வேற்றுலகச் செய்தி கிடைத்தால் பன்னாட்டு ஆலோசனை இல்லாமல் பதில் அனுப்பக் கூடாது என்கின்றன. அதற்குச் சட்டபலம் இல்லை. அதைவிட வியப்பு, பதில் சொல்லத்தான் ஆலோசனை வேண்டுமாம், வலியப் போய் அழைப்பதற்கு வேண்டாமாம்!

இந்தியப் பிரதிநிதிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு இந்த விவேகம் புதிதல்ல. அந்தமான் தீவுகளின் பழங்குடிகளான பெரிய அந்தமானியர்கள் வெளியார் தொடர்புக்குப் பிறகு தட்டம்மையிலும் மற்ற நோய்களிலும் செத்து, ஆயிரங்களிலிருந்து சில பத்துகளாகக் குறைந்ததை நாம் அறிவோம். நோயைக் கொண்டுவந்தவர்களில் பலருக்குக் கெட்ட எண்ணம்கூட இல்லை. அந்தப் பாடத்தைப் படித்துத்தான், வெளியாரை அண்ட விடாத பழங்குடிகள் வாழும் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குத் தேங்காய் கொண்டுபோய்க் கொடுக்கும் பயணங்களை 1990களில் இந்திய அரசு நிறுத்தியது. எட்ட நின்று பார்க்கலாம், கிட்டப் போகக் கூடாது என்பதுதான் இன்றுவரை நம் கொள்கை. அங்கே வலிமை உள்ளவர்கள் நாம், ஆகவே பொறுப்பும் நம்முடையது. விண்மீன்களுக்கு முன்னால் நாம் எந்தப் பக்கத்தில் நிற்போம் என்று எவருக்கும் தெரியாதபோது, அதே நிதானத்தை நமக்காகவும் கேட்பதில் என்ன தவறு?

விண்ணிலிருந்து ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. புனேவுக்கு அருகே விரிந்து நிற்கும் முப்பது வானொலித் தட்டுகளைப் போன்றவை எத்தனை வேண்டுமானாலும் வரட்டும், இரவு பகலாக வானத்தைக் கேட்கட்டும். என் பிள்ளைகளில் ஒருத்தி அங்கே வேலைக்குப் போனால் நான் பூரித்துப் போவேன். குவித்த கற்றையில் வேண்டுமென்றே அனுப்பும் செய்திகளை மட்டும், பன்னாட்டு ஒப்புதலுக்கு ஒரு முறை ஏற்படும்வரை நிறுத்தி வையுங்கள். அனுப்ப நினைப்பவர்கள் செய்தியையும் திசையையும் திறனையும் முன்கூட்டியே உங்கள் அலுவலகத்தில் பதிவு செய்யட்டும், அது உலக மொழிகளில் வெளியாகட்டும். ஆலோசனை வானியலாளர்களோடு முடிந்துவிடாமல், முன்பு இப்படிப்பட்ட சந்திப்புகளில் தோற்றவர்களின் வழிவந்தவர்களையும் அழைத்துக் கேளுங்கள். அந்தமானிலிருந்து, அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து, ஸ்ரீஹரிகோட்டாவில் விண்வெளி நிலையம் வந்தபோது இடம்பெயர்ந்த யானாதிப் பழங்குடிகளிடமிருந்தும் கேளுங்கள். இந்தியா இதைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி எழுத்துமூலம் கோர வேண்டும். கோரினீர்களா இல்லையா என்பதை மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை,
பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம்.